23 எரருக்காகப் பிரிவை மாற்ற வேண்டாம்

அன்புள்ள அம்மா,

சி என்ற கம்ப்யூட்டர் மொழியின் லேபில் உட்கார்ந்தாலே மகளுக்குத் திரை நிறைய எரர் வருகிறது, ஒருமுறை 23 வந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டு வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 23 எரர் என்றால் 23 தப்பு என்று அர்த்தமில்லை. ஒரு அடைப்பை மூட மறந்தால் போதும், கீழே ஒழுங்காக இருக்கும் வரிகளையும் சேர்த்துக் கம்பைலர் (எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்) திட்டும். முதல் எரரை மட்டும் திருத்தி, சேவ் செய்து, மறுபடி கம்பைல் செய்யச் சொல்லுங்கள். பாதி பட்டியல் காணாமல் போகும்.

12-ஆம் வரியில் செமிகோலன் இல்லை என்று வந்தால் 11-ஆம் வரியின் கடைசியையும் பார்க்க வேண்டும். 'அன்டிக்ளேர்டு' என்றால் மாறியை (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) முன்கூட்டி அறிவிக்கவில்லை, அல்லது பெயரில் ஓர் எழுத்துப் பிசகு. சியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. 'ஸ்ட்ரே' என்று வந்தால் பெரும்பாலும் பிடிஎஃப்பில் காப்பி எடுத்த வளைந்த மேற்கோள் குறிதான். அழித்துவிட்டுக் கையால் அடித்தால் சரி. எண்ணை உள்ளே வாங்கும் ஸ்கேன்எஃப் கட்டளையில் ஆம்பர்சேண்ட் (&) குறியை விட்டால் கம்பைல் ஆகிவிடும், ஓட்டும்போது கவிழும். கம்பைல் கட்டளையில் 'மைனஸ் வால்' (-Wall) சேர்த்தால் ஜிசிசி என்ற கம்பைலர் முன்பே எச்சரிக்கும். (டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்து நோட்ஸில் உள்ள கோனியோ என்ற துணைக்கோப்பு லினக்ஸில் கிடையாது. அந்த வரியை எடுத்துவிடலாம்.)

இதெல்லாம் கைப்பழக்கம். எரரே இல்லாமல் ஓடி, விடை மட்டும் தப்பாக வரும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கும். அரேயை (வரிசையாக அடுக்கிய எண்கள்) தலைகீழாக்கும் புரோகிராமில் இது நன்றாகத் தெரியும்.

10, 20, 30, 40, 50 என ஐந்து எண்கள். இடங்களை 0 முதல் 4 வரை எண்ணுவார்கள். இடத்தைக் காட்டும் இரு மாறிகளில் ஐ 0-இல், ஜே 4-இல். இரண்டு இடத்து எண்களையும் டெம்ப் என்ற தற்காலிக மாறி வழியாக மாற்றி, ஐ-யை ஒன்று கூட்டி, ஜே-யை ஒன்று குறைத்து, ஐ ஜே-யைவிடச் சிறியதாக இருக்கும்வரை ஓட்டினால் இரண்டே மாற்றத்தில் வேலை முடியும்; நடுவில் 30 அசையாது. ஜே-யை 5-இல் தொடங்கினால் அரேக்கு வெளியே கைவைத்து, குப்பை எண் உள்ளே வரும். டெம்ப் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றை எழுதினால் இரண்டு இடத்திலும் ஒரே எண். இதையே திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பைப் பாதியில் நிறுத்தாமல் ஐந்து முறையும் ஓட்டினாலோ, திருப்பியதெல்லாம் திரும்பவும் திரும்பி அரே பழையபடியே நிற்கும்! கடைசியிலிருந்து அச்சிட்டுக் காட்டுவதும் விடையாகாது. அரே உள்ளே மாறவே இல்லையே.

இந்த வாரம் லேப்டாப்பை மூடிவைத்து, தாளில் ஐ, ஜே, டெம்ப், அரே என்று நான்கு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பை எழுதட்டும். ஐந்து எண்ணுக்கு முடித்ததும் ஆறு எண்ணுக்கு. அந்த வேலை அவளுக்குக் கசக்கிறதா, பிடிக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். பிரிவு மாற்றத்தைப் பிறகு பேசுவோம்.