கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள எங்கள் வீட்டு ஆமை என்ன இனம்? கிணற்றில் விடலாமா?

வண்ண மீன் கடையில் வாங்கும்போது பத்து ரூபாய் நாணயம் அளவில் பச்சைப் பசேலென்று இருந்தது, "சைனீஸ் ஆமை, இதுக்கு மேல வளராது" என்று கடைக்காரர் சொன்னார், இப்போது உள்ளங்கையைத் தாண்டிவிட்டது, பச்சையும் மங்கிக் கருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது அநேகமாகச் செங்காது ஆமை. அறிவியல் பெயர் டிராகெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். இதற்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் இதன் சொந்த ஊர். வளராது என்பதும் தவறு. பெண் ஆமை ஏறக்குறைய ஓர் அடி நீளம் வரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம்கூட வாழும்.

'அநேகமாக' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்பு இருக்கிற இன்னொரு ஆமையும் நம் நாட்டில் கள்ளத்தனமாக விற்பனைக்கு வருகிறது. அது கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளில் வாழும் இந்தியக் கூரை ஆமை. குட்டியாக இருக்கும்போது அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூரை ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். எனவே முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆமையைத் தரையில் விட்டு, உங்கள் கண்ணை அதன் முதுகு மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். கூரை ஆமையின் முதுகு நடுவில் மேடு கட்டி, இரு பக்கமும் சரிந்து இறங்கும். முதுகின் நடு வரிசைக் கட்டங்களில் மூன்றாவது கட்டம் பின்னோக்கி முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். செங்காது ஆமையிடம் அந்த முள் கிடையாது. முதுகு தாழ்வாக, வழவழப்பான வளைவாக இருக்கும். அடுத்து கால்களைப் பாருங்கள். செங்காது ஆமையின் பச்சைக் கால்களில் மஞ்சள் கோடுகள் ஓடும், கூரை ஆமையின் கால்களில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். முகத்தில் உள்ள சிவப்பும் ஒன்றல்ல. செங்காது ஆமைக்குக் கண்ணை ஒட்டிப் பின்னால் நீளும் பட்டை, கூரை ஆமைக்குப் பிறை வடிவத் திட்டு.

பிறகு அடி ஓடு. செங்காது ஆமைக்கு மஞ்சள் அடி ஓட்டில், கட்டத்துக்கு ஒன்றாகக் கரும் திட்டோ வளையமோ இருக்கும். முதுகு நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். வயதாக ஆகப் பச்சை போய்விடும். வயதான ஆண்களில் சிவப்புப் பட்டைகூட மறைந்து உடம்பே கருத்துவிடுவது உண்டு. வேறு ஏதோ ஆமை ஆகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முன்கால் நகங்கள் ஊசி ஊசியாக நீண்டிருந்தால் ஆண். சிவப்புப் பட்டைக்குப் பதிலாகக் கன்னத்தில் மஞ்சள் திட்டு இருந்தால், இதே இனத்தின் இன்னொரு கிளையான மஞ்சள் வயிற்று ஆமை.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காக, தமிழ்நாட்டில் கைக்கு வரக்கூடிய நம் ஆமைகளையும் சொல்லிவிடுகிறேன். கருப்பு நிறக் குவிந்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரிந்து, யானைக்கால் போன்ற தூண் கால்கள் இருந்தால் நட்சத்திர ஆமை. அது தரை ஆமை, புல் தின்பது, நீந்தத் தெரியாது. அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஓட்டில் கட்டங்களே இல்லாமல் தோல் மூடியிருந்து, மூக்கு சிறு குழாய்போல நீண்டிருந்தால் பாலாமை. காலுக்கு மூன்று நகங்கள்தான் தெரியும், கழுத்தை நீட்டிக் கடிக்கவும் செய்யும். கரும்பழுப்பு ஓட்டில் நீளவாக்கில் மூன்று மேடுகள் இருந்தால் கருப்பு ஆமை. தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று கிராமங்களில் கிணற்றில் ஆமை விடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அப்படி விடப்படுவதில் இதுவும் உண்டு. நட்சத்திர ஆமையும் பாலாமையும் முதல் அட்டவணையில் உள்ளவை. பொதுவாகவே நம் நாட்டு ஆமை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நட்சத்திர ஆமையின் கடத்தல் அவ்வளவு மோசமாகிவிட்டதால்தான் 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது.

இப்போது உங்கள் கிணற்றுக் கேள்வி. செங்காது ஆமை என்று உறுதியானால் கிணற்றிலோ குளத்திலோ தயவுசெய்து விடாதீர்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று பெரியவர்கள் யாராவது வற்புறுத்தினாலும் விடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. பக்கத்துக் கேரளத்தில் நீர்நிலைகளில் இது தென்படத் தொடங்கியதும், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கும் பணியில் இறங்கியது. மீன், தவளைக் குஞ்சு, நீர்ச்செடி என எதையும் தின்னும், வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும். நம் கருப்பு ஆமையும் பாலாமையும் வாழும் குளத்தில் இதைக் கொண்டுபோய் விட்டால் இழப்பு அவற்றுக்குத்தான்.

ஆகவே வளர்ப்பதுதான் வழி. நீந்த ஆழமான பெரிய தொட்டி, ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு மேடு, தினமும் நேரடி வெயில். கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, அதில் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும், ஓடு மெலிந்து போகும். வெயில் கடுமையானால் ஒதுங்க நிழலும் வேண்டும். குட்டியில் புழு, மீன் என்று அதிகம் தின்றது வளர வளரச் செடிக்கு மாறும். கீரையும் நீர்ப்பாசியும் கூட்டிக் கொடுங்கள். வளர்க்கவே முடியாத நிலை என்றால் பொறுப்பான இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் முதுகு, பக்கவாட்டு முகம், கால், அடி ஓடு என நான்கு படங்கள் எடுத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடி ஓட்டைப் படம் எடுக்க மல்லாத்தினால் சில நொடிகளில் திருப்பிவிடுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆமையிடமிருந்து சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் அமெரிக்காவில் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், செடிக்கு ஊற்றுங்கள்.