பத்து நிமிட இடைவெளி

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித்தை டெஸ்ட் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த கேப்டன்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உலகக் கோப்பை ஜெயிக்கவில்லை. ஆட்டத்திலும் அழகு கிடையாது, எதையும் இழுத்து லெக் பக்கம் தள்ளுவார். ஆல்ரவுண்டர் காலிஸ், வேகப்பந்து வீச்சாளர் ஸ்டெய்ன் மாதிரி ஆட்கள் கையில் இருந்தால் யாரும் ஜெயிக்கலாமே? சிட்னியில் உடைந்த கையோடு இறங்கிய அந்த ஒரு காட்சிதான் அவரைப் பெரியவராக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிட்னியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2009 ஜனவரி. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஜான்சனின் பந்து பட்டு ஸ்மித்தின் இடது கை உடைந்திருந்தது. ஆஸ்திரேலிய மண்ணில் தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி அதற்கு முந்தைய ஆட்டத்திலேயே உறுதியாகியிருந்தது. அவர் இறங்கியே ஆகவேண்டும் என்றில்லை. ஆனாலும் ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் சக வீரர்களிடம் இரவல் வாங்கிய உடையில் வந்தார். 8.2 ஓவர் தாங்கினால் டிரா. இரண்டு ஓவர்கூட மிச்சமில்லாதபோது ஜான்சன் ஸ்டம்பைச் சாய்த்தார். 3 ரன். எனக்கும் நெஞ்சை அடைத்த காட்சிதான் அது. ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது அதற்காக இல்லை.

கேப்டனே தொடக்க ஆட்டக்காரராகவும் இருந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றரை நாள் முதல் ஸ்லிப்பில் நிற்கிறார். அடுத்த ஓவர் யாருக்கு, ஆளை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு பந்துக்கும் மண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசி விக்கெட் விழுகிறது. இடைவெளி பத்து நிமிடம். நடுவரிசையில் ஆடும் கேப்டன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து உட்காரலாம். இவர் ஓட்டமும் நடையுமாக உள்ளே போய், பேடைக் கட்டிக்கொண்டு திரும்பி வரவேண்டும். எதிரே புதுப் பந்து. இப்படி ஒரு டெஸ்ட் இரண்டு டெஸ்ட் இல்லை, 109 டெஸ்ட்டுக்குக் கேப்டன். அதில் ஒன்று, பல நாட்டு வீரர்கள் சேர்ந்த உலக லெவனுக்கு. மொத்தம் 117 டெஸ்ட்டில் 9265 ரன், சராசரி 48-க்கு மேல்.

பொறுப்பு வந்த நேரத்தையும் மறக்கக்கூடாது. 2003 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. டர்பனில் இலங்கையுடனான ஆட்டத்தில், மழை வந்தால் எத்தனை ரன் வேண்டும் என்ற கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு, கடைசிப் பந்தை தென்னாப்பிரிக்காவின் பவுச்சர் ரன் எடுக்காமல் தட்டி வைத்தார். ஆட்டம் டை. போட்டியை நடத்திய அணி முதல் சுற்றோடு வெளியே. கேப்டன் பொல்லாக்கிடமிருந்து பதவியைப் பறித்து 22 வயதுப் பையனிடம் கொடுத்தார்கள். அவர் அப்போது பத்து டெஸ்ட்கூட ஆடியிருக்கவில்லை. சில மாதம் கழித்து இங்கிலாந்தில் அடுத்தடுத்த டெஸ்ட்டில் 277, 259. அந்த இரண்டிலும் காலிஸ் ஆடவில்லை. ஸ்டெய்ன் இன்னும் வரவே இல்லையே!

அவருடைய உண்மையான உயரம் நான்காவது இன்னிங்ஸில்தான் தெரியும். ரன் துரத்தும்போது நான்கு சதம் அடித்தார், நான்கிலும் அணி ஜெயித்தது. 2008-ல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் இலக்கு 281. 93 ரன்னுக்கு நான்கு விக்கெட் போய்விட்டது. சுழல் பந்துவீச்சாளர் பனேசர் ஆடுகளத்தின் காலடித் தடங்களில் பந்தை இறக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் குறை சொல்லும் அதே அழகில்லாத ஆட்டம்தான் அன்று நின்றது. கீழ்க்கை இறுகி, மட்டை முகம் மூடி, எழும்பும் பந்தை இடுப்போடு திரும்பி மிட்விக்கெட்டுக்கு அனுப்பினார். ஆட்டமிழக்காமல் 154. 1965-க்குப் பிறகு இங்கிலாந்தில் முதல் தொடர் வெற்றி. அழகான கவர் டிரைவ்காரர் ஒருவர் அந்த ஆடுகளத்தில் அப்படி நின்றிருப்பார் என்று நான் நம்பவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 414-ஐத் துரத்தியபோது 108 அடித்தார். அப்புறம் 2011-ல் கேப்டவுன்: ஆஸ்திரேலியா 47-க்குச் சுருண்ட அதே டெஸ்ட்டில் ஆட்டமிழக்காமல் 101.

உலகக் கோப்பை விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. இந்தியாவின் ஜாகீர் கான் அவரைப் பலமுறை ஆட்டமிழக்கச் செய்ததும் உண்மைதான். ஸ்டெய்ன் பற்றி ஒன்று மட்டும்: நல்ல பந்துவீச்சாளர் இருந்தால் எதிரணியை 280-க்குள் அடக்கலாம். அந்த 280-ஐ யாராவது அடிக்கவும் வேண்டும்.

2014 மார்ச்சில், 33 வயதில், கேப்டவுன் டெஸ்ட்டின் நடுவிலேயே ஓய்வை அறிவித்தார். மறுநாள் கடைசி இன்னிங்ஸ். அன்றும் ஜான்சன்தான், அன்றும் 3 ரன்தான். இறங்கியது மட்டும் வழக்கம்போல தொடக்க ஆட்டக்காரராக.

அன்புடன்.