தசரா விடுமுறைக்குப் பிறகு மாண்டிசோரி பள்ளியில் வரும் நிகழ்ச்சிகளில் எதற்குக் கட்டாயம் போக வேண்டும்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: பெங்களூரில் இருக்கிறோம், மகளுக்கு நான்கு வயது, மாண்ட்-2 (மாண்டிசோரியில் இரண்டாம் வருடம்). தசரா முடிந்து டிசம்பர் வரைக்குமான பட்டியலைப் பள்ளியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பெற்றோர் அப்சர்வேஷன் (வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து குழந்தையைப் பார்க்கும் நாள்), கன்னட ராஜ்யோத்சவம் (கர்நாடக மாநில நாள்), தாத்தா பாட்டி நாள், கடலைக்காய் பரிஷே, ஓப்பன் ஹவுஸ், பெற்றோர் சந்திப்பு எல்லாம் இருக்கின்றன, ஆண்டுவிழா மட்டும் இல்லை. இருவரும் வேலைக்குப் போகிறோம், எல்லாவற்றுக்கும் லீவு கிடைக்காது, எதற்குப் போவது?

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் அப்சர்வேஷனுக்கு எடுங்கள். யோசிக்கவே வேண்டாம். மற்றவை எல்லாம் நல்லவைதான், முடிந்தால் போங்கள், போகாவிட்டாலும் குழந்தை வந்து சொல்லிவிடும், வாட்ஸ்அப்பில் போட்டோவும் வந்துவிடும். அப்சர்வேஷனில் நீங்கள் பார்ப்பதை எந்தக் குழந்தைக்கும் வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாது.

என் மகன் இதே ஊரில் மூன்று வருடம் மாண்டிசோரியில் இருந்துவிட்டு இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். முதல் வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, என் கணவர் மட்டும் போய்விட்டு வந்தார். "ஒண்ணும் நடக்கல, ஒரு ஜக்குல இருந்து இன்னொரு ஜக்குக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தான்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம் என்று அன்று ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் நானே போனேன்.

நவம்பர் கடைசி, பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே முடிந்த வாரம். (புதிதாக வந்தவர்களுக்கு: கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, காளைக் கோயில் இருக்கிற புல் டெம்பிள் ரோடு முழுக்கக் கடலைக்காயைக் குவித்து விற்பார்கள். வயலில் புகுந்து கடலையை மேய்ந்த காளைக்கு விளைச்சலில் முதல் பங்கைப் படைக்கிற வழக்கம் அது.) அங்கே வாங்கி வந்த கடலைக்காயை வகுப்பில் ஒரு ஒர்க்காக, அதாவது குழந்தை தானே எடுத்துச் செய்கிற வேலையாக, அலமாரியில் வைத்திருந்தார்கள். மூங்கில் ட்ரேயில் தோலோடு கடலைக்காய் ஒரு கூடை, இரண்டு கிண்ணம், மடித்த சின்னத் துணி ஒன்று. அவ்வளவுதான்.

என்னை மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் மகன் என்னை ஒரு முறை பார்த்தான், அப்புறம் பார்க்கவில்லை. போய் அந்த ட்ரேயை இரண்டு கையாலும் எடுத்து வந்து மேஜையில் வைத்தான். ஒரு கடலைக்காயை எடுத்துக் கட்டைவிரல் நகத்தை நுனியில் வைத்து அழுத்தினான், உடையவில்லை. திருப்பிப் பிடித்து நடுவில் அழுத்தினான், அதுவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அமுக்க, டப்பென்று பிளந்து ஒரு பருப்பு தெறித்து அடுத்த மேஜைக்கு அடியில் போய்விட்டது. எழுந்து போய்க் குனிந்து எடுத்தான், கிண்ணத்தில் போடப் போனவன் நிறுத்தி, கீழே விழுந்தது என்பதால் தனியாக ஓரத்தில் வைத்தான். எனக்கு எழுந்து போய் உரித்துக் கொடுக்கக் கை பரபரத்தது. வகுப்பு அக்கா (டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நாலடி தூரத்தில்தான் இருந்தார், அவனைப் பார்த்தார், வரவே இல்லை. பதினோரு கடலைக்காய் உரிக்க இருபத்து நான்கு நிமிடம் ஆனது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி நாலைந்தை முதல் அழுத்திலேயே உடைத்தான். இதற்கிடையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றது, தொடவில்லை, கேட்கவும் இல்லை. உரித்து முடித்ததும் அவன் கிண்ணத்தை அந்தக் குழந்தையிடம் நீட்டி "பேக்கா?" என்றான், கன்னடத்தில் 'வேணுமா?' என்று.

வீட்டில் சட்டை மாட்டிவிடக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பையன் அவன். நான் அழுதுவிட்டேன்.

தண்ணீர் ஊற்றுவதும் கடலை உரிப்பதும் விளையாட்டுக்கு வைத்தவை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பென்சில் பிடிக்கப் போகிற அதே மூன்று விரலுக்குத்தான் அங்கே பலம் ஏறுகிறது. ஒரு வேலையைத் தொடங்கி, நடுவில் தடுக்கினாலும் விடாமல், முடித்து, எடுத்த இடத்தில் திரும்ப வைப்பது என்கிற வரிசை மனதில் பதிகிறது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மர உருளைகளைக் குழியில் பொருத்துவதையும் எடுப்பதையும் நாற்பது தடவைக்கு மேல் செய்ததையும், சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாட வைத்தும் அது நிமிர்ந்துகூடப் பார்க்காததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய முறையே இப்படி உட்கார்ந்து பார்த்ததில் பிறந்ததுதான். அதனால்தான் பெற்றோரையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

நீங்கள் போகும்போது போனைப் பையிலேயே விட்டுவிடுங்கள். மகள் ஓடி வந்து மடியில் ஏறினால், "அம்மா பார்க்க வந்திருக்கேன், நீ உன் ஒர்க்கைப் பண்ணு" என்று மெதுவாக ஒரு தடவை சொன்னால் போதும். பாதி நேரம் அவள் எதுவுமே எடுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கலாம், அதற்காகப் பதற வேண்டாம். அவள் யார் பக்கத்தில் போய் நிற்கிறாள், எதை வெகுநேரம் பார்க்கிறாள் என்று கவனியுங்கள், பெரும்பாலும் அடுத்து அவள் எடுக்கப் போவது அதுவாகத்தான் இருக்கும். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரே அறையில் வைத்திருப்பது இதற்காகத்தான். பக்கத்துக் குழந்தை கூட்டல் போடுகிறதே, இவள் இன்னும் பிங்க் டவரையே அடுக்குகிறாளே என்று ஒப்பிடத் தோன்றும், தோன்றினால் அவள் அடுக்குவதையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து கனசதுரம், பெரியது பத்து சென்டிமீட்டர், சின்னது ஒரு சென்டிமீட்டர். அந்தக் கடைசிச் சின்னதைக் கை நடுங்காமல் உச்சியில் வைக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

இரண்டாவது லீவு கிடைத்தால் தாத்தா பாட்டி நாள். ஊரிலிருந்து அவர்களை வரவழைக்க முடியுமானால் கட்டாயம் வரவழையுங்கள். என் மாமனார் வாணியம்பாடி பக்கத்துக் கிராமத்துக்காரர். "வெள்ளைக்காரன் படிப்பு நமக்கெதுக்கும்மா" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். என் மகன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கன்னட 'அ' எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய பலகையை எடுத்து, இரண்டு விரலால் தடவி ஒலியைச் சொல்லிக் காட்டினான். அவர் அதை வாங்கித் தானும் தடவிப் பார்த்தார். "நாங்க ஒண்ணாங் கிளாஸ்ல மணலைப் பரப்பி விரலாலதான் எழுதினோம். அழுத்தி எழுதினா விரல் எரியும்" என்றார். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பிப் பேரனின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவரும் அவர்தான். கண் கற்றுக்கொள்ளும் முன்பே விரல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயமே இல்லை.

அப்புறம் பஸ்ஸில் அவருக்கு மீதிக் கதையைச் சொன்னேன். மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபை அழைத்து நம் அடையாறுக்கு வந்து, சுமார் முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவரும் கூட வந்த மகனும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள், மகனைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள், அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் விடுவித்தார்கள். அப்புறம் கொடைக்கானலில் சுமார் இரண்டு வருடம் இருந்தார். பூமி, செடி, விலங்கு, மனிதர் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கிறது என்று பெரிய குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பகுதி அங்கேதான் உருவானது. மாமனார் கொடைக்கானலா என்று இரண்டு தடவை கேட்டார்.

கன்னட ராஜ்யோத்சவத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை, ஆனால் நவம்பர் 1-க்கு நாலு நாள் முன்னாலேயே சிவப்பு மஞ்சளில் உடை தேடி வையுங்கள், கடைசி நேரத்தில் கடைகளில் சின்ன சைஸ் கிடைக்காது. வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தை அங்கே கன்னடப் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து பாடும்போது திருத்தாதீர்கள், கூடச் சேர்ந்து பாடுங்கள். இந்த ஊரில் அவள் வாழப் போகிறாள், ஆட்டோக்காரரிடமும் பக்கத்து வீட்டு அஜ்ஜியிடமும் பேசப் போவது அந்த மொழியில்தான். தமிழ் எழுத்தை வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம். நான் அட்டையில் உப்புத்தாளை ஒட்டி முதலில் 'ட', 'ப', 'ம' மூன்றும் செய்து கொடுத்தேன், மூன்றும் எழுத எளிது.

பரிஷேவுக்குப் பள்ளியிலிருந்தே கூட்டிப் போவார்கள் என்றால் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் நீங்களாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். ஓப்பன் ஹவுஸ் பெரும்பாலும் சனிக்கிழமை வைப்பார்கள், லீவு பிரச்சினை இல்லை. அன்று குழந்தைதான் உங்களுக்கு டீச்சர், அவள் காட்டுவதை அவள் வேகத்தில் பாருங்கள், "அதையும் காட்டு, இதையும் காட்டு" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. இந்த மூன்று மாதத்தில் மகளுக்குப் பிறந்தநாள் வருமானால் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போங்கள். எங்கள் பள்ளியில் பெற்றோரையும் கூப்பிட்டார்கள். நடுவில் சூரியனுக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்து, குழந்தை பூமி உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு எத்தனை வயதோ அத்தனை தடவை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வருடத்துப் போட்டோ ஒன்றைக் காட்டிச் சொல்வார்கள். கேக் கிடையாது, நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். என் போனில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் வீடியோ அது.

ஆண்டுவிழா இல்லை என்பதற்காக வருத்தப்படாதீர்கள். ஒத்திகை தொடங்கினால் வாரக்கணக்கில் காலை நேரம் போய்விடும். கடலைக்காயோடு இருபத்து நான்கு நிமிடம் உட்கார்ந்தானே, அதற்குத் தடங்கலில்லாத மூன்று மணி நேரக் காலை வேண்டும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. இதற்கு முன்னால் நாங்கள் சேர்த்திருந்த ஒரு இடத்தில் போர்டில் அந்தப் பெயர்தான் இருந்தது, உள்ளே பொருட்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தன, அரை மணிக்கு ஒரு தடவை மணி அடித்துப் பாடம் மாற்றினார்கள். ஐந்து மாதத்தில் எடுத்துவிட்டோம்.

பெற்றோர் சந்திப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், போனிலாவது பேசுங்கள். டிசம்பர் நெருங்கும்போது பெரிய பள்ளிகளின் விண்ணப்பங்கள் வரும், மாண்ட்-2 முடிந்ததும் யூகேஜிக்கு மாற்றிவிடலாமா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்பார்கள். என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்: மாற்றாதீர்கள். முதல் இரண்டு வருடம் போட்டதெல்லாம் மூன்றாம் வருடத்தில்தான் கைக்கு வருகிறது. தங்க நிற மணிகளால் எண்ணைக் கற்கும் தங்கமணி ஒர்க்கில் ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குப் பத்து மணி கோத்த கம்பி, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். என் மகன் மூன்றாம் வருடத்தில் ட்ரேயில் ஆயிரங்களைச் சுமந்து வந்து 2,435-ஐயும் 1,342-ஐயும் கொட்டிச் சேர்த்து எண்ணினான். ஆயிரம் என்பது கனமானது என்று அவன் கைக்குத் தெரியும். அதோடு, வருடக்கணக்கில் சின்னவர்களாக நின்று பார்த்தவர்கள் அந்த வருடம்தான் பெரியவர்கள் ஆகிறார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிற குழந்தைக்குக் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அவசரப்பட்டு நீங்கள் சம்பாதிக்கப் போவதும் எதுவும் இல்லை.

மழைக்காலம் வேறு, பையில் ஒரு செட் மாற்றுடை எப்போதும் இருக்கட்டும். இந்தப் பருவத்தில் இலை உதிர்கிற மாதிரி நம் ஊரில் உதிர்வது மரமல்லிப் பூதான், மகள் பாக்கெட் நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவாள், துவைக்கப் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக் கொடுத்தால் அவளே அடுக்குவாள்.

அப்சர்வேஷனுக்கு இருவருக்கும் ஒரே நாளில் இடம் கொடுக்க மாட்டார்கள், இரண்டு வெவ்வேறு தேதி கேட்டு வாங்குங்கள், இப்போதே அக்காவுக்கு மெசேஜ் போட்டுவிடுங்கள், நவம்பர் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். போய் வந்த பிறகு இங்கேயே கீழே எழுதுங்கள், அவள் முதலில் எந்த ஒர்க்கை எடுத்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.