சுவரில் கலாம் இருக்கலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் தன் அறைச் சுவரில் அப்துல் கலாம் படத்தையும் ஏ.ஆர்.ரகுமான் படத்தையும் ஒட்டியிருக்கிறான். "பிற மதத்தாரைப் போற்றுவது முதல் கட்டளைக்கு எதிரானது, கிழித்துப் போடுங்கள்" என்கிறார் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழு) ஒருவர். இந்து சாமிகள் வரும் சினிமா பார்ப்பதும் பாவமாம். எந்தப் படம் பார்க்கலாம் என்று திருச்சபை பட்டியல் ஏதும் தருகிறதா?
– ஒரு தாய், தூத்துக்குடி மறைமாவட்டம்

பதில்: கிழிக்க வேண்டாம். கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனையை வேறு யாருக்கும் தராதே என்பதுதான் முதல் கட்டளை. ஒருவருடைய உழைப்பையும் அறிவையும் மெச்சுவது ஆராதனை ஆகாது. உங்கள் மகன் கலாம் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறானா? இல்லையே. படம் சுவரிலேயே இருக்கட்டும். வீட்டுப் பீடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் அதை வைக்க வேண்டாம். அங்கே உங்கள் பங்குத்தந்தையின் படத்துக்கும் இடமில்லை என்பதை அன்பியத்தில் சேர்த்தே சொல்லுங்கள்.

பிற இனத்தாரின் நம்பிக்கையை ஊரறியப் பாராட்டியவர் இயேசுவே. உரோமைப் படையின் நூற்றுவர் தலைவரிடம் கண்ட நம்பிக்கையை இஸ்ரயேலிலேயே காணவில்லை என்றார் (மத்தேயு 8:10). கானானியப் பெண்ணிடம் "உமது நம்பிக்கை பெரிது" என்றார் (15:28). பவுல் ஏதென்சில் பேசும்போது கிரேக்கக் கவிஞர்களின் வரியைச் சான்றாகக் காட்டினார் (திருத்தூதர் பணிகள் 17:28). திருச்சபையின் பெரும் இறையியலாளர் புனித அக்குவினா தோமா, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வாழ்ந்த அரிஸ்டாட்டிலைப் பக்கத்துக்குப் பக்கம் துணைக்கு அழைக்கிறார். இசுலாமியரான இபின் சீனாவையும் யூதரான மைமோனிதசையும் பெயர் சொல்லி எடுத்தாள்கிறார். இவர்களில் யார் முதல் கட்டளையை மீறினார்கள் என்று உங்கள் அன்பியத்துக்காரரிடமே கேளுங்கள்.

உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, கிறிஸ்தவரல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையை 2,221 வாக்குகளுக்கு 88 என்ற கணக்கில் நிறைவேற்றியது. இந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது அதன் இரண்டாம் எண் (பகுதி). இந்து சமயத்தின் இறைத்தேடலையும் புத்த சமயத்தின் துறவையும் அதே எண் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்றாம் எண் இசுலாமியரை மதிப்போடு நோக்குகிறது.

நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தோடு வாழ்ந்த சைவர். பஞ்ச காலத்தில் வேதநாயகம் பிள்ளை கஞ்சி ஊற்றியதைக் கண்டு "நீயே புருஷ மேரு" என்று பாடியவர், நந்தன் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதி. அந்தச் சைவர்கள் ஒரு கத்தோலிக்கரைப் பாடியதால் அவர்கள் பக்தி குறைந்துவிடவில்லை. கலாம் விஷயத்தில் இன்னும் நெருக்கமான உறவே உண்டு. கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழும்பியபோது, ஏவுதளத்தின் அலுவலகமாக இருந்தது மகதலா மரியா ஆலயம். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களிடம் கேட்டு விட்டுக்கொடுத்த கோயில் அது. கலாம் ராக்கெட் வேலையைத் தொடங்கிய இடமும் அதுதான்.

எல்லை இல்லாமலில்லை. ரகுமானின் இசையை ரசிப்பது வேறு, "எல்லா மதமும் ஒன்றுதான், ஞாயிறு பூசை எதற்கு" என்று முடிவு கட்டுவது வேறு. பிற சமயப் பாடலை இசைக்காகக் கேட்கலாம். அச்சமயத்தின் வழிபாட்டுச் சடங்கை அவர்களோடு சேர்ந்து நிறைவேற்றுவது அப்படியல்ல. அது அந்தச் சமயத்தின் நம்பிக்கையை அறிக்கையிடுவதாகிவிடுகிறது. பையனிடம் பேச வேண்டியது இதைத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் ரகுமான் படத்தைக் கிழிக்கச் சொல்பவர்கள் சிலர், கல்யாணப் பூசையில் சினிமா மெட்டில் நற்கருணைப் பாட்டுப் பாடினால் வாய் திறப்பதில்லை. கண்டிக்க வேண்டியது அதைத்தான். வழிபாட்டுப் பாடல் முதன்மையாக மறைநூலிலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் வர வேண்டும் என்பது சங்கத்தின் வழிபாட்டுக் கொள்கை விளக்கம், எண் 121.

சினிமாவுக்கு வருவோம். பட்டியல் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1934-இல் கத்தோலிக்கர் ஒரு கண்காணிப்பு அமைப்பு தொடங்கிப் படங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். "சி" என்றால் கண்டிக்கப்பட்டது. 1936-இல் பதினோராம் பயஸ் சுற்றுமடல் எழுதி அம்முறையை மற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார். நூல்களுக்கென்று திருச்சபை வைத்திருந்த தடைப் பட்டியலும் 1966-இல் சட்ட வலிமை இழந்தது. திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்டது 45 சிறந்த படங்களின் பட்டியல். தடைப் பட்டியல் அல்ல. மதிப்பீடுகள் என்ற பிரிவில் "காந்தி" இருக்கிறது. போரில் மாண்டவர்களைப் புதைப்பதற்காகப் புத்த துறவியாகிவிடும் சிப்பாயைப் பற்றிய "பர்மிய யாழ்" என்ற ஜப்பானியப் படமும் இருக்கிறது. இதற்கு உங்கள் அன்பியத்துக்காரர் என்ன சொல்வார்?

ஆகவே புராணப் படத்தைக் கதையாகப் பார்க்கும் பெரியவருக்குப் பாவமில்லை. புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) தயாராகும் பிள்ளை பக்கத்தில் இருந்தால், அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் உடனிருக்க வேண்டும், அவ்வளவே. தீமையைக் காட்டுவதே தவறு என்றும் திருச்சபை சொல்லவில்லை. மனிதரை ஆழமாக அறிய உதவுமானால் காட்டலாம், ஆனால் ஒழுக்கத்தின் வரம்புக்குள் என்கிறது சங்கத்தின் சமூகத் தொடர்பு ஆணை, எண் 7. என் கவலை வேறு. காதலிக்க மறுத்த பெண்ணை இரண்டு மணி நேரம் துரத்தும் கதாநாயகனுக்குக் கைதட்டுகிறோம். சாதிப் பெருமை பேசும் வசனத்துக்கு விசிலடிக்கிறோம். முருகன் வேடம் கெடுப்பதைவிட இது அதிகம் கெடுக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: முதலில் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்கள், 13-உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு தர வேண்டும் என்பது 2021 விதி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிள்ளைக்குத் தனிக் கணக்குப் போட்டுவிட்டு அப்பாவின் கணக்குக்கு ரகசிய எண் (PIN) போடாமல் விடுகிறார்கள், அல்லது பிறந்த வருடத்தையே போடுகிறார்கள். பிள்ளை நேராக அப்பா கணக்குக்குள் போய்விடுகிறது. சான்றிதழ் வன்முறையையும் கெட்ட வார்த்தையையும் எடைபோடும். இழிவுபடுத்தலை எல்லா நேரமும் பிடிக்காது. அதனால் இளையவர்களோடு முதல் இருபது நிமிடம் உட்காருங்கள். படம் முடிந்ததும் "யாரை நல்லவன் என்று காட்டினார்கள், ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம். பாலுணர்வைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்ட படங்களில் பேச்சுக்கே இடமில்லை. திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு, எண் 2354, அவற்றைக் கனமான குற்றம் என்கிறது.

மற்றபடி எதைப் பார்த்தாலும் சாவான பாவம் (கடவுளோடுள்ள உறவை முறிக்கும் கனமான பாவம்) என்று பயமுறுத்தாதீர்கள். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர வேண்டும் (மறைக்கல்வி ஏடு, எண் 1857). பார்த்த பிறகு மனம் உறுத்தினால் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் கேட்கட்டும். அன்பியத்தில் விசாரணை வைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நான் சொன்ன 1965 அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். மொத்தமே ஐந்து எண்கள்தான். படத்தைக் கிழிக்கச் சொன்னவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.