வாசகர் கேள்வி – பதில்: மாலையும் மைக்கும் இல்லாமல் ஒரு நன்றிக் கூட்டம்

கேள்வி: என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் குவேக்கர் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். ஜூலையில் நாங்கள் அங்கே போகும்போது, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நன்றிக் கூட்டமாம். "எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பாங்க அத்தை" என்கிறாள். மாலை, பொன்னாடை கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் வழியில் இங்கிலாந்தில் கிளம்பிய கிறிஸ்துவப் பிரிவினர். பள்ளி நடத்துவதில் பழைய கை. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் வில்லியம் பென் சார்ட்டர் பள்ளி 1689இலும், இங்கிலாந்தின் அக்வொர்த் பள்ளி 1779இலும் தொடங்கியவை. இங்கிலாந்தில் அவர்கள் வழிபாடே மௌனம்தான், பாதிரியார் கிடையாது. பள்ளிக் கூட்டங்களும் பெரும்பாலும் அதே முறையில் நடக்கும். நாற்காலிகள் வட்டமாகவோ எதிரெதிராகவோ இருக்கும். பேசத் தோன்றியவர் எழுந்து, சுருக்கமாகச் சொல்லி உட்காருவார். கொஞ்சம் மௌனம் விட்டுத்தான் அடுத்தவர் எழுவார். கைதட்டல் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதும் இல்லை. பொறுப்பாளர் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது.

நீங்களும் பேசலாம், கட்டாயமில்லை. கையால் எழுதிய ஒரு கார்டு போதும். கைப்பேசியை முழுக்க அணைத்துவிடுங்கள். அங்கே 'வைப்ரேட்' சத்தமும் நன்றாகக் கேட்கும். பல குவேக்கர் பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பட்டமோ பதவியோ சொல்லி ஒருவரை உயர்த்தக் கூடாது என்பது அவர்கள் பழைய கொள்கை. மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மே 16 ஆசிரியர் தினம் என்றால் மூன்று மணி நேரம் பேச்சு, பிள்ளைகள் வெயிலில் வாடுகிறார்கள். இந்த மௌனக் கூட்டத்தை இங்கே நடத்த முடியுமா? மதப் பிரச்சினை வருமா?
– பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், பேராக்

பதில்: முடியும். வழிபாட்டை விட்டுவிட்டு, கேட்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கடவுள் வாழ்த்தைப் பள்ளியின் காலைச் சபைக்கூடலிலேயே முடித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் நமக்கு வேண்டாம். ஐயா, டீச்சர் அப்படியே இருக்கட்டும்.

காலை 8.30 மணி நல்ல நேரம். ஓய்வு நேரத்துக்குச் சற்று முன்பு வைத்தால் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், கவனம் நிற்காது. பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கினால் ஒரு வார்த்தை கேட்காது. 40 பேருக்கு மேல் ஓர் அறையில் வேண்டாம், அதைத் தாண்டினால் மைக் தேவைப்படும். மைக் வந்தால் பேச்சு நீளும். பெரிய பள்ளி என்றால் ஆண்டு வாரியாகப் பிரித்து நடத்துங்கள். உள்வட்டத்தில் 15 நாற்காலி, மற்றவை வெளிவட்டத்தில். தலைமையாசிரியருக்கென்று தனி நாற்காலி போடாதீர்கள். போட்டால் எல்லாரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். கிராணியும் (அலுவலக எழுத்தர்) ஜாகாவும் (காவலாளி) வட்டத்தில் உட்கார வேண்டும், தேநீர் தட்டோடு வாசலில் நிற்கக் கூடாது.

மொத்தம் 35 நிமிடம். தொடக்க மௌனம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2 நிமிடம், பெரியவர்களுக்கு 5. முதல் அரை நிமிடத்தில் சிரிப்பு கிளம்பும். அதட்டினால் கூடும், விட்டுவிட்டால் தானாக அடங்கும். ஒருவர் ஒரு முறைதான் பேச வேண்டும், ஒரு நிமிடத்துக்குள். அடுத்தவர் எழும்முன் மெதுவாக மூன்று மூச்சு இடைவெளி. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் கூட்டம் வரிசையில் நின்று பாராட்டும் போட்டியாகிவிடும். யாராவது குறை சொல்லத் தொடங்கினால் நடத்துபவர் எழுந்து, "இதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவோம்" என்று சொல்லி உட்கார்ந்தால் போதும்.

பரிசுக்காகப் பெற்றோரிடம் பணம் திரட்டாதீர்கள். அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கு 1998ஆம் ஆண்டின் சுற்றறிக்கையிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. ஆசிரியரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

கேள்வி: பாராட்டுப் பத்திரம் எழுதச் சொல்கிறார்கள். 'கல்விக் கடல்', 'ஏணிப்படி' தவிர வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது. அலுவலகத்தில் இருப்பவர்களைப் பற்றி என்ன எழுதுவது?
– ஓர் ஆறாம் ஆண்டு மாணவியின் தாய், சுங்கை சிப்புட்

பதில்: குவேக்கர்கள் தங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. நடத்துபவர் குறிப்பை அங்கேயே எழுதி வாசிப்பார், திருத்துவார்கள், எல்லாரும் ஏற்றால் அதுவே பதிவு. பாராட்டையும் அப்படியே எழுதலாம். முந்தின இரவு வீட்டில் எழுதும்போதுதான் கடலும் ஏணியும் வரும்.

கூட்டத்தில் கேட்டவற்றிலிருந்து மூன்று செயல்களை எடுத்து, 100 சொல்லுக்குள் எழுதி, உரக்க வாசியுங்கள். எழுதியதும் பெயரை மறைத்துப் பாருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் அது பொருந்தினால் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

அலுவலகப் பணியாளருக்கு இந்த மாதிரி: "உதவித்தொகைப் பாரம் நிரப்பத் தெரியாமல் வந்த பாட்டிமாரை உட்கார வைத்து, பிறப்புப் பத்திர எண்ணைத் தாமே பார்த்து எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். எந்தப் பாட்டியும் இரண்டாம் முறை பேருந்து ஏறி வர வேண்டியிருக்கவில்லை." தலைமையாசிரியருக்கு என்றால் கட்டடம், விருது மட்டும் போதாது. ஆசிரியர் விடுப்பில் போன நாளில் அந்த வகுப்பில் போய் நின்றாரா, கூடுதல் உணவுத் திட்டத்துச் சாப்பாட்டைத் தாமே ருசி பார்த்தாரா என்று கேளுங்கள், எழுத வரும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள், மற்றது பள்ளிக் கோப்பில். பிளாஸ்டிக் உறையில் போடாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் மை கசிந்துவிடும்.

கேள்வி: குவேக்கர் ஓட்ஸ் இவர்களுடையதா?
– ஒரு வாசகர், தாப்பா

பதில்: இல்லை. நேர்மைக்குப் பெயர் போனவர்கள் என்பதால் அமெரிக்க நிறுவனம் ஒன்று 1877இல் அந்தப் பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது, அவ்வளவுதான். நீங்கள் கஞ்சி குடிப்பதால் எந்தப் பள்ளிக்கும் ஒரு காசும் போகாது.