ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகள் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வேர்கள் கொண்ட, எழுத்தாளர்களும் ஓவியர்களும் சிறுவர் நூல்களில் ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவது ஏன்? இரண்டு தனிப் பதிப்புகளாக வெளியிட்டால் போதாதா? முதலில் எந்த நூலைப் பார்க்கலாம்?

தனிப் பதிப்புகளும் வெளிவருகின்றன. ஆனால் அப்படிப் பிரித்துவிட்டால், எந்த வீட்டை நினைத்து அந்த நூல் எழுதப்பட்டதோ அந்த வீட்டில் ஒருவருக்கு அது எட்டாமல் போய்விடும். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த ஓர் ஊரின் நூலகத்தில், நான்கு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் கதை வாசிப்புக்குத் தன்னார்வலராகச் சென்றுவந்தேன். என்னுடைய ஸ்பானிஷ் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் தேறும். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

அங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பாட்டியுடன் வருவான். பாட்டி எல் சால்வடாரிலிருந்து குடியேறியவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனுக்கு ஸ்பானிஷ் காதில் விழுந்தால் புரியும், வாசிக்க வராது. ஒருநாள் பட்டம் விடும் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில வரியை அவன் விரல் வைத்து வாசித்து முடிக்க, அதன் கீழிருந்த ஸ்பானிஷ் வரியைப் பாட்டி வாசித்தார். ‘பப்பலோத்தே’ என்ற சொல் வந்ததும் அவர் நின்றுவிட்டார். அது மெக்சிகோவில் பட்டத்துக்கு வழங்கும் பெயர். எல் சால்வடாரில் அதை ‘பிஸ்குச்சா’ என்பார்கள். புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்களா என்று பேரன் கேட்டான். தப்பில்லை, எழுதியவர் வேறு ஊர்க்காரர் என்று பாட்டி சொன்னார். பிறகு புத்தகம் மடியிலேயே கிடக்க, தம் ஊரில் பட்டத்துக்கு எந்தத் துணியில் வால் கட்டுவார்கள் என்று அவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை அவன் அவ்வப்போது எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். ஆங்கிலப் பதிப்பு மட்டும் கையில் இருந்திருந்தால் பாட்டி படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்பானிஷ் பதிப்பு மட்டும் இருந்திருந்தால் அவன் வாய் திறந்திருக்கமாட்டான்.

இந்த நூல்களைப் பெரிய பதிப்பகங்கள் திட்டமிட்டுத் தொடங்கிவைக்கவில்லை. அலமாரியில் இல்லாததைக் கண்ட நூலகர்களும் ஆசிரியர்களும் தொடங்கிவைத்தார்கள். சகோதரியின் திருமணத்துக்காகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த புரா பெல்ப்ரே, 1921-இல் அந்நகரப் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நூலக அமைப்பின் முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர் அவரே. தாம் சிறுவயதில் கேட்ட கதைகளில் ஒன்றுகூட அங்கிருந்த நூல்களில் இல்லாததைக் கண்டு, அவற்றை வாய்மொழியாகவும் பொம்மலாட்டமாகவும் சொல்லத் தொடங்கினார். மார்த்தினா என்ற கரப்பான்பூச்சி பெரேஸ் என்ற எலியை மணந்துகொள்ள, அந்த எலி கிறிஸ்துமஸ் பாயசத்தை ருசி பார்க்கப்போய்ப் பானைக்குள் விழுந்து இறந்துபோகும் கதையை அவர் 1932-இல் நூலாகவே வெளியிட்டார். லத்தீனோ எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் சிறுவர் இலக்கியத்திற்காக 1996 முதல் வழங்கப்படும் விருதுக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

தம் மொழியை நூலில் காணவேண்டும் என்ற இந்த ஆசையின் அடியில் ஒரு காயமும் இருக்கிறது. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதை டெக்சாஸ் மாநிலம் 1918-இல் குற்றமாக்கியது. அம்மாநிலத்தின் தென்கோடியில் வளர்ந்த குளோரியா அன்சல்துவா, இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் மூட்டுகளில் அளவுகோலால் அடி வாங்கியதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். 1993-இல் எல்லையைக் கடந்து வரும் ஒரு சிறுவனையும் அவனுக்குத் துணைநிற்கும் ஒரு சிறுமியையும் பற்றி இருமொழிச் சிறுவர் நூல் எழுதினார். வகுப்பறையில் அடி வாங்கித் தந்த மொழி அட்டை போட்ட புத்தகமாகத் திரும்பி வருவதன் பொருள் அந்தத் தலைமுறைக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

அந்த நூலை வெளியிட்டது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹாரியட் ரோமர் 1975-இல் தொடங்கிய ‘சில்ட்ரன்ஸ் புக் பிரஸ்’ என்ற சிறு பதிப்பகம். ரோமர் லத்தீனோ அல்லர். ஆனாலும் இந்த வகை நூல்களின் முகத்தை அமைத்துக் கொடுத்ததில் அவருக்கு இருக்கும் பங்கை மறுக்க முடியாது. சிறுவர் நூல் எழுதியே பழகாத கவிஞர்களையும் கண்காட்சிக் கூடங்களுக்கு வரைந்துகொண்டிருந்த ஓவியர்களையும் அவர் இதற்குள் அழைத்துவந்தார். 1990-இல் வெளிவந்த ‘ஃபேமிலி பிக்சர்ஸ் – குவாத்ரோஸ் தே ஃபமிலியா’ அப்படிப் பிறந்ததுதான். டெக்சாஸின் கிங்ஸ்வில் என்ற ஊரில் பிறந்த கார்மென் லோமஸ் கார்சாவின் ஓவியங்கள் அதில் உள்ளன. அவர் தம் ஓவியங்களைப் பற்றி ரோமரிடம் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாசகத்துக்கு ரோசால்மா சுபிசாரெத்தா ஸ்பானிஷ் வடிவம் தந்தார்.

அதில் தமாலே செய்யும் ஓவியத்தை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்கலாம். மக்காச்சோள மாவை அதன் தோகையில் தடவி, இறைச்சி வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு சமையலறை. குடும்பம் முழுவதும் அதற்குள் அடைந்திருக்கிறது. நீல உடை அணிந்த தாத்தாவின் அருகில் கார்மெனும் தங்கையும் உலர்ந்த தோகைகளை ஊறவைக்க உதவுகிறார்கள். அம்மா மாவைத் தடவுகிறார். அத்தையும் மாமாவும் இறைச்சி வைக்கிறார்கள். மடித்தவற்றைப் பாட்டி வேகவைப்பதற்காக அடுக்குகிறார். சில வீடுகளில் பெண்கள் மட்டுமே தமாலே செய்வார்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வோம் என்ற பொருளில் வாசகம் முடிகிறது. யார் என்ன செய்கிறார் என்பதற்கு மேல் அந்த வாசகம் எதையும் விளக்குவதில்லை. பண்பாட்டை அறிமுகப்படுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பும் நூல்கள் இந்த இடத்தில்தான் சறுக்கும். கார்சாவின் நூல் பெயர் சொல்லிக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஸ்பானிஷ் வரியை வாசிக்கும் பாட்டிக்கு அதற்குமேல் தேவையில்லை. ஆங்கில வரியை வாசிக்கும் குழந்தைக்கு மீதியைப் பாட்டி சொல்வார்.

கவிதையில் இதே வேலை வேறு விதமாக நடக்கிறது. கலிஃபோர்னியாவில் பிறந்து மெக்சிகோவின் குவாதலஹாராவிலும் வளர்ந்த பிரான்சிஸ்கோ அலர்கோன், டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மாணவர்களுக்கு அம்மொழியைக் கற்பித்தவர். பருவத்துக்கு ஒன்றாக அவர் எழுதிய நான்கு கவிதை நூல்களில் முதலாவதான வசந்த கால நூல் 1997-இல் வந்தது. நான்குக்கும் மாயா கிறிஸ்டினா கொன்சாலெஸ் படம் வரைந்தார். இரு மொழிக் கவிதைகளையும் அலர்கோனே எழுதியதால் ஒன்று மற்றொன்றுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. கம்பிச் சட்டத்தில் ஏறிய தக்காளிச் செடிகள் வசந்தத்திலேயே கிறிஸ்துமஸ் மரங்களாகிவிடும் கவிதையின் தலைப்பில், ஸ்பானிஷில் தக்காளிக்கு அவர் இடும் பெயர் ‘ஹிதோமாத்தே’. நவாட்டில் என்ற பூர்வகுடி மொழியிலிருந்து மெக்சிகோ ஸ்பானிஷுக்கு வந்த சொல் அது. ஆங்கிலத்தின் ‘டொமேட்டோ’வும் அதே மொழியின் ‘தோமாத்ல்’ என்ற சொல்லிலிருந்து ஸ்பானிஷ் வழியாகச் சென்றதுதான். இருமொழிப் பக்கத்தின் அடியில் மூன்றாவதாக ஒரு மொழி கிடப்பதை ஒரு தக்காளியை வைத்தே அவர் காட்டிவிடுகிறார்.

பக்க அமைப்பிலும் ஓர் அரசியல் உண்டு. பல நூல்களில் ஆங்கிலம் மேலே தடித்த எழுத்திலும், ஸ்பானிஷ் கீழே சாய்ந்த எழுத்திலும் இருக்கும். ஒரே செய்தியைச் சொல்ல ஸ்பானிஷுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும் என்பதால், அதைச் சிறிய எழுத்தில் நெருக்கி அடைத்துவிடுவதும் உண்டு. கியூபாவில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அல்மா ஃபுளோர் அடா, ‘கேதரிங் த சன்’ என்ற அகரவரிசை நூலில் இதைத் தலைகீழாக்கினார். 1997-இல் வந்த அந்நூல் ஸ்பானிஷ் அகரவரிசையில் நடக்கிறது. ‘ஆ’ எழுத்துக்கு ‘ஆர்போலெஸ்’, அதாவது மரங்கள். ‘பே’ எழுத்துக்கு ‘பெத்தாபெல்’, அதாவது பீட்ரூட். ஆங்கிலத்தில் மரம் ‘டி’ எழுத்தில் அல்லவா தொடங்கும்? அதனால் என்ன, இந்த வீட்டில் ஆங்கிலம்தான் விருந்தாளி. ‘சே’ எழுத்துக்குரிய பக்கத்தில் பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சேசர் சாவேஸ் வருகிறார். அந்தப் பெயரில் இரண்டு மொழிகளுக்கும் சண்டையில்லை. அதன் ஓவியர் சிமோன் சில்வா தாமே பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது, வயலில் குனிந்து நிமிரும் உடல்களை அவர் தீட்டியிருக்கும் விதத்திலேயே தெரியும்.

சட்டமும் இடையில் புகுந்தது. கலிஃபோர்னியா 1998-இல் 227-ஆம் முன்மொழிவை வாக்கெடுப்பில் நிறைவேற்றிப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016-இல் 58-ஆம் முன்மொழிவு அதை நீக்கியது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் இந்த நூல்களுக்கு நூலகமும் வீடுமே பெரிய புகலிடமாக இருந்தன. ரோமர் தொடங்கிய பதிப்பகத்தை 2012-இல் லீ அண்ட் லோ நிறுவனம் வாங்கியது. 2014-இல் பேட்டி ரோட்ரிகெஸ், அரியானா ஸ்டீன் என்ற இரு தோழியர், தங்கள் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற இருமொழி நூல் கிடைக்காமல், பதிப்பகங்களும் கைவிரித்த பிறகு, ‘லில் லிப்ரோஸ்’ என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை வைத்து எண்கள் சொல்லித்தரும் அவர்களுடைய தடித்த அட்டை நூலைக் குழந்தைகள் கடித்தே பார்த்திருக்கிறார்கள், நானே சாட்சி.

எல்லாம் நல்ல நூல்கள் என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு அவசரமாக ஸ்பானிஷில் பெயர்த்தவை நிறைய உண்டு. அவற்றைப் பாட்டிமார் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதும் தீராத தலைவலி. போர்ட்டோ ரிக்கோவில் பேருந்தைக் குறிக்கும் ‘குவாகுவா’ சிலியில் கைக்குழந்தையைக் குறிக்கும். இந்த வேறுபாடுகளுக்கு அஞ்சி எந்த ஊரிலும் யாரும் பேசாத பொதுச் சொற்களாகப் பொறுக்கி எழுதும் நூல்களைவிட, ‘பப்பலோத்தே’ என்று துணிந்து எழுதிவிட்டு ஒரு சால்வடார்ப் பாட்டியிடம் திருத்தம் வாங்கும் நூலே எனக்குப் பிடிக்கும்.

நான் சென்ற நூலகத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. இந்த நூல்களையெல்லாம் ‘உலக மொழிகள்’ என்ற அலமாரியில், சிறுவர் பகுதிக்கு எதிர்க்கோடியில் வைத்திருந்தார்கள். ஆங்கிலம் படிக்கும் குழந்தைகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஒன்றரை ஆண்டு சொல்லிப் பார்த்தபின், இரண்டு பிரதிகள் இருந்த நூல்களில் ஒன்றை மட்டும் சிறுவர் பகுதிக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். இரவல் வாங்கிய தேதிகள் அந்தப் பிரதிகளில்தான் நிறைய விழுந்தன.

தொடங்குவதற்கு நான் சொல்வது கார்சாவின் ‘ஃபேமிலி பிக்சர்ஸ்’. வாசகத்துக்குப் போகுமுன் தமாலே படத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர் யாரேனும் அருகில் இருந்தால் அந்த வரிகளை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அலர்கோனின் தக்காளிகளை அதற்கு அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.