காரைக்குடியில் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறேன். அதிகம் ஓடிய கேமராவா, ஓடாமல் கிடந்த கேமராவா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காரைக்குடியில் படிக்கிறீர்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று சுற்றிப் பழைய வீடுகளைப் படமெடுக்க ஆசை. இரண்டு பழைய கேமராக்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று கல்யாண ஸ்டுடியோக்காரர் விற்கும் நிகான் டி7200, 80,000 கிளிக் ஓடியது. இன்னொன்று தெரிந்தவர் வீட்டு கேனான் 700டி. "ரெண்டு விசேஷத்துக்குத்தான் எடுத்தது, அப்புறம் தொடவே இல்லை" என்கிறார்கள். 3,000 கிளிக்கூடத் தாண்டவில்லை. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் 700டியை வாங்கச் சொல்கிறார்கள்.

நான் ஸ்டுடியோ கேமராவைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

"தொடவே இல்லை" என்பது நம் ஊரில் எனக்குப் பயம் தரும் வார்த்தை. இங்கே பாதி வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள். அப்போது வாங்கி வந்த கேமரா, பையோடு பீரோவுக்குள் போய்விடும். கனத்த சுவர், அடைத்த ஜன்னல், உள்ளே இருட்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள்ளே ஏறும் ஈரம் பையின் பஞ்சிலேயே தங்கிவிடும். லென்ஸில் பூஞ்சை, அதாவது ஃபங்கஸ் வளர இதைவிடத் தோதான இடம் கிடையாது. வாரத்துக்கு நாலு நாள் வெளியே போய், வெயிலும் காற்றும் பட்டு வரும் ஸ்டுடியோ கேமராவுக்கு இந்த வியாதி குறைவு.

அதனால் 700டியைப் பார்க்கப் போனால் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் பையைத் திறந்து மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். அப்படியே திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை. நாலைந்து தூசு தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. நூல் நூலாக, கிளை பிரிந்து, சிலந்தி வலை மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே வந்திருந்தால் அது பூஞ்சை. துடைத்துத் தருகிறேன் என்பார்கள். முற்றிப்போனால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டுப்படியும் ஆகாது.

கைப்பிடி ரப்பர் பிசுபிசுக்கிறதா, பேட்டரி அறைக்குள் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த லித்தியம் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும்; அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருந்து மேலே "ரெபெல் டி5ஐ" அல்லது "கிஸ் எக்ஸ்7ஐ" என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 700டிக்கு அவைதான் பெயர்.

இனி 80,000 கிளிக். எல்லோரையும் மிரட்டுவது இந்த எண்தான். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவுதான் ஷட்டர். டி7200-இன் ஷட்டரை 1,50,000 கிளிக் வரை சோதித்ததாக நிகான் சொல்கிறது, 700டிக்கு 1,00,000 என்பார்கள். அது உத்தரவாதமும் இல்லை, அந்த எண் வந்ததும் கேமரா நின்றுவிடும் என்பதும் இல்லை. தாண்டியும் ஓடுகிறது, முன்பே போவதும் உண்டு. உங்களைப் போல வீடுகளை நிதானமாக எடுப்பவருக்கு மீதி 70,000 பல வருடம் வரும். எண்ணைச் சரிபார்க்க நிகானில் வழி எளிது. உங்கள் மெமரி கார்டைப் போட்டு ஒரு ஜேபெக் எடுத்து வந்தால் அந்தக் கோப்புக்குள்ளேயே ஷட்டர் கவுண்ட், அதாவது மொத்தக் கிளிக் எண்ணிக்கை பதிவாகியிருக்கும், இணையத்தில் இலவசமாகப் படித்துச் சொல்லும் தளங்கள் உண்டு. பெரும்பாலான கேனான்களில் அது படத்தில் வராது. கேபிள் மாட்டி, அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். ஆக அந்த 3,000 வாய்ச்சொல்லா, யாராவது பார்த்துச் சொன்னதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண கேமராவில் பார்க்க வேண்டியது வேறு. ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ தேய்ந்து ஆடும். உங்களுக்கு ஃபிளாஷ் தேவைப்படாமல் போகலாம், ஆனால் அதைக் காட்டி விலை குறைக்கலாம். டி7200-இல் இரண்டு எஸ்டி கார்டு இடங்கள். இரண்டிலும் கார்டு போட்டு எழுதுகிறதா பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள டயல்களைச் சுற்றும்போது எண் தாவக் கூடாது. வீடியோ நிறைய எடுத்தார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், அந்த ஓட்டம் ஷட்டர் கவுண்டில் வராது. பட்டன் இடுக்கில் குங்குமமும் அட்சதைத் தூளும் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். உழைத்த கேமரா அப்படித்தான் இருக்கும். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் மட்டும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன சரிசெய்தார்கள் என்று கேட்காமல் நகராதீர்கள்.

சோதித்துப் பார்க்க நம் பக்கத்து வீடுகளைப் போல வசதி வேறெங்கும் கிடையாது. கடைக்குள் நின்று நாலு படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள்; அரை நாள் கொடுங்கள் என்று கேட்டுப் பழைய வீடு ஒன்றுக்கு எடுத்துப் போங்கள். தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் என்றால் தருவார். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த அந்தப் பளபளப்பான வெள்ளைச் சுவர்தான், படம் பதியும் சென்சாரைப் பார்க்க நல்ல திரை. அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளையை, எஃப்/16 அல்லது எஃப்/22-க்குச் சுருக்கி வைத்து, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு, சுவரை நோக்கி ஒரு படம். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. இரண்டிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் அது சென்சார் மேல் உள்ள தூசு. இடம் மாறினால் சுவரின் கறை. தூசு என்றால் சுத்தம் செய்துகொள்ளலாம். கீறல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். (யாராவது ஃபுல் ஃப்ரேம், அதாவது இன்னும் பெரிய சென்சார் உள்ள நிகான் டி600-ஐ மலிவாகக் காட்டினால் இந்தச் சோதனை கட்டாயம். 2012-இல் வந்த அந்த மாடலில் சென்சாரில் புள்ளி விழும் தொல்லை பரவலாக இருந்து, 2014-இல் நிகானே இலவசமாகச் சரிசெய்து தந்தது. அந்த வேலை முடிந்த கேமராவா என்று கேட்க வேண்டும்.)

அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், கேமராவை முக்காலியில் தரைக்கு நேராகக் கவிழ்த்து எஃப்/8-இல் ஒரு படம் எடுங்கள். கல்லின் கோடுகள் நான்கு மூலையிலும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்து, உள்ளே கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது. ஜூமின் எல்லா நிலையிலும், அபெர்ச்சரைச் சுருக்கியும் விரித்தும் எடுங்கள். சில லென்ஸ்களில் உள்ளிருக்கும் கேபிள் நைந்துபோய், அபெர்ச்சரைச் சுருக்கும்போதுதான் எர்ரர் காட்டும். திறந்த அபெர்ச்சரில் பத்துப் படம் எடுத்தாலும் அது வெளியே வராது.

இருட்டுச் சோதனைக்கு லென்ஸ் மூடியைப் போட்டு 10 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக ஒன்றிரண்டு புள்ளிகள் இருந்தால் விடலாம், வானத்து நட்சத்திரம் போல் நிறைந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

பூஞ்சையை விட்டுவிட்டாலும் உங்கள் வேலைக்கு நான் டி7200 பக்கம்தான் சாய்வேன். வளவில் நின்று முற்றத்தைப் பார்த்து எடுக்கும்போது, நடுவே வெயில் கொட்டும், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் இருட்டில் நிற்கும். வெயிலுக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்கினால் டி7200 தாங்கும். 2013-இல் வந்த 700டியில் அதே அளவுக்குத் தூக்கினால் நிழலில் புள்ளியும் கோடும் வந்துவிடும். முக்காலி வைத்து ஐஎஸ்ஓ 100-இல் மூன்று எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்க்கலாம்தான். வீடு எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் கானாடுகாத்தானில் பல வீடுகளில் முக்காலி வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் போகும் எண்ணம் இருந்தால் பேச்சே இல்லை, டி7200-இன் 51 ஃபோகஸ் புள்ளிகள் எங்கே, 700டியின் 9 எங்கே.

இன்னொரு லாபம், டி7200 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. 50 எம்எம் 1.8டி மாதிரிப் பழைய நிகான் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும்; டி3000, டி5000 வரிசைகளில் அவற்றைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், இதில் தானாகவே வேலை செய்யும். பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்குப் போனால் மட்டும் இது திரும்பிக் கடிக்கும். பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸ்கள் அங்கே மறுபடியும் கைவேலைதான்.

டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்ததே என்று நண்பர்கள் சொல்வார்கள். நிகான், கேனான் இரண்டுமே 2020-க்குப் பிறகு புது மாடல் விடவில்லை, உண்மைதான். ஸ்டுடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால்தான் இந்தத் தரமுள்ள பாடி உங்கள் பட்ஜெட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

பணம் கொடுக்கும் முன், அடியில் உள்ள சீரியல் எண் பில்லிலும் பெட்டியிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பில் இல்லையென்றால் விற்பவர் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் எழுதித் தரட்டும். தெரிந்தவர்தானே என்று கூச்சப்பட வேண்டாம்.

ஸ்டுடியோ கேமரா சோதனையில் தோற்று, 700டி தேறிவிட்டால் அதையே வாங்குங்கள், ஆனால் விலையைக் குறைத்து. மிச்சப்படும் காசை, அகலமாகக் காட்டும் கேனானின் 10-18 எம்எம் எஸ்டிஎம் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். கிட் லென்ஸின் 18 எம்எம், 700டியின் சிறிய சென்சாரில் ஃபுல் ஃப்ரேமின் 29 எம்எம் அளவுக்குத்தான் காட்டும். முகப்புத் திண்ணையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாலும் இரண்டு பக்கத்துத் தூணும் சேர்ந்து அதில் விழாது.